பக்கத்தில் உட்கார ஒருவர்

எங்கள் குடும்பத்தின் பழைய படங்களில், தம்பி ஒன்றரை வயதில் அம்மாவின் மடியில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று உண்டு. ஃபிளாஷ் போட்டு எடுத்த படம். அவனுடைய வலது கண்ணில் அந்த வெளிச்சம் கருவிழியின் நட்டநடுவே வெள்ளைப் புள்ளியாக விழுந்திருக்கிறது. இடது கண்ணில் அதே புள்ளி நடுவை விட்டு விலகிக் காதுப் பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. கண் மூக்கை நோக்கித் திரும்பியிருந்தால் புள்ளி வெளிப்பக்கமாகத்தான் ஒதுங்கும். மெழுகுவர்த்திச் சுடர் ஒன்றைக் காட்டி, கண்ணில் அதன் ஒளி விழும் இடத்தைக் கொண்டு மாறுகண்ணின் அளவைக் கணிக்கும் முறையை யூலியுஸ் ஹிர்ஷ்பெர்க் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே வகுத்துவிட்டார் என்பதை நான் வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன். தம்பியின் நோய்க்கான சாட்சி இரண்டரை ஆண்டுகள் எங்கள் வீட்டுப் பெட்டியிலேயே கிடந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. படிக்கத் தெரிந்தவரிடம் நாங்களும் போகவில்லை.

தம்பி குறைமாதத்தில், எடை குறைவாகப் பிறந்தவன். தலை நிற்பதற்கும், உட்காருவதற்கும், நடப்பதற்கும் மற்றக் குழந்தைகளைவிட மாதக்கணக்கில் கூடுதலாக எடுத்துக்கொண்டான். மூன்று வயதில் அவனிடம் இருந்த சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவனைப் பார்த்தவர்கள் இரண்டு தீர்ப்புகளை வழங்கினார்கள். கண்ணைப் பற்றிய தீர்ப்பு, ‘அது அழகு சம்பந்தப்பட்டதுதான், வளர வளரச் சரியாகிவிடும்’ என்பது. அம்மா ஒருமுறை அழைத்துச்சென்ற மருத்துவரும் இதையே சொல்லி அனுப்பினார். அறிவைப் பற்றிய தீர்ப்பு, ‘பையன் கொஞ்சம் மந்தம்’ என்பது. தம்ளரில் நீர் ஊற்றச் சொன்னால் அவன் தம்ளருக்கு ஒரு விரற்கடை தள்ளித் தரையில் ஊற்றுவான். ‘கவனமே இல்லை’ என்று அதற்கும் திட்டு வாங்குவான். கண் ஒரு பக்கமும் அறிவு ஒரு பக்கமுமாகப் பிரித்துப் பேசப்பட்ட அந்த இரண்டு தீர்ப்புகளும் ஒரே குழந்தையைப் பற்றியவை என்பதை யாரும் யோசித்துப் பார்க்கவில்லை.

வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்குச் சிறப்புக் கல்வி கற்பிக்கும் ஆசிரியையாக நான் பணியாற்றத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஏழை வீட்டுப் பிள்ளைகளில் மாறுகண்ணும் வளர்ச்சித் தாமதமும் சேர்ந்து வரும்போது நடப்பதை இரண்டு இடங்களிலிருந்து பார்த்திருக்கிறேன்: எட்டு வயது மூத்த அக்காவாக ஓர் ஏழை வீட்டின் உள்ளேயிருந்து, ஆசிரியையாக மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாறுகண் வெறும் தோற்றக் குறை என்ற எண்ணம்தான் முதலில் விலக வேண்டியது. ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. இரண்டு கண்களும் ஒரே பொருளின் மீது பதியும்போது, சற்றே வேறுபட்ட இரண்டு படங்களை மூளை ஒன்றாகச் சேர்த்து, எது அருகில், எது தொலைவில் என்ற ஆழத்தை அறிகிறது. ஒரு கண் விலகினால் மூளைக்குப் பொருந்தாத இரண்டு படங்கள் வந்து சேர்கின்றன. பெரியவர்களுக்குத் திடீரென்று இப்படி நேர்ந்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று பதறிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுவார்கள். குழந்தையின் மூளை வளைந்துகொடுப்பது. அது விலகிய கண்ணின் படத்தை ஒதுக்கிவிடுகிறது. குழந்தைக்கு இரட்டைப் பார்வையும் இல்லை, வலியும் இல்லை, முறையிட ஒன்றும் இல்லை. ஒதுக்கப்பட்ட கண் மட்டும் பார்க்கக் கற்றுக்கொள்ளாமலே நின்றுபோகிறது. மருத்துவர்கள் ஆம்ப்ளியோபியா என்பதும், பேச்சு வழக்கில் சோம்பேறிக் கண் என்பதும் இதைத்தான். அந்தப் பேச்சு வழக்கு எனக்குப் பிடிப்பதில்லை. அந்தக் கண் சோம்பியிருக்கவில்லை. அதன் குரலைக் கேட்பதை மூளை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு கெடு உண்டு என்பதை டேவிட் ஹ்யூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இருவரும் 1960களில் பூனைக்குட்டிகளை வைத்துச் செய்த சோதனைகள் காட்டின. பிறந்த சில மாதங்களுக்குள் ஒரு கண்ணை மூடிவைத்துப் பிறகு திறந்தால், கண் நலமாகவே இருந்தும் மூளையின் பார்வைப் பகுதியிலுள்ள செல்கள் அந்தக் கண்ணுக்குப் பெரும்பாலும் மறுமொழி தருவதில்லை. வளர்ந்த பூனையில் அதே சோதனை அத்தகைய விளைவை உண்டாக்குவதில்லை. கண்களைச் செயற்கையாக மாறுகண் ஆக்கிய குட்டிகளில், இரு கண்களுக்கும் சேர்ந்து மறுமொழி தரும் செல்கள் பெரிதும் குறைந்துபோயிருந்தன. 1981ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது. மனிதக் குழந்தைக்கு அந்தக் காலம் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. ஏழு வயதுக்கு முன் தொடங்கும் சிகிச்சைக்குக் கண் நன்றாக இசைந்துகொடுக்கும், அதற்குப் பின் இசைவு படிப்படியாகக் குறையும். பிறந்த முதல் சில மாதங்களில் கண்கள் அவ்வப்போது விலகிப் போவது இயல்பே. நான்கு மாதத்துக்குப் பிறகும் விலகல் தெரிந்தால் காத்திருக்க வேண்டியதில்லை. மூக்குத்தண்டு அகலமாக இருப்பதால் மட்டுமே மாறுகண் போலத் தோன்றும் குழந்தைகளும் உண்டு. அதைப் பிரித்தறிவதற்கும் பரிசோதனைதான் வழி. இன்னொன்றையும் சொல்லாமல் விடக் கூடாது: ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோய், கருவிழியில் தெரியும் வெண்மைக்கு அடுத்தபடியாக மாறுகண்ணாகத்தான் அதிகம் வெளிப்படுகிறது. ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்ற வாக்கு எத்தனை ஆபத்தானது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இதில் வறுமை எங்கே வருகிறது? அவசரப்பட்டுப் பதில் சொல்லக் கூடாத கேள்வி இது. வறுமை நேரடியாகக் கண்ணைத் திருப்புவதில்லை. குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேருக்கு மாறுகண் இருக்கிறது; வசதியான வீடுகளிலும் இருக்கிறது. கிட்டத்தில் உள்ளதைத் தெளிவாகப் பார்க்கச் சிரமப்படும் தூரப்பார்வைக் குறைபாட்டை ஈடுகட்டக் கண்கள் மிகையாக முயன்று உள்நோக்கித் திரும்பும் வகையும், குடும்ப வழியாக வரும் வகையும் வீட்டின் வருமானத்தைப் பார்த்து வருவதில்லை. ஆனால் குறைமாதப் பிறப்பு, பிறப்பு எடைக் குறைவு, கருவுற்ற காலத்துப் புகைப்பழக்கம், பிறக்கும்போது மூளைக்கு நேரும் பாதிப்பு ஆகியவை மாறுகண்ணின் வாய்ப்பைக் கூட்டுகின்றன. உட்காரவும் நடக்கவும் பேசவும் தாமதமாவதற்கும் இவையே காரணங்களாகின்றன. மூளை முடக்குவாதமும் டவுன் சிண்ட்ரோமும் உள்ள குழந்தைகளிடையே மாறுகண் மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதல். தாய் போதிய உணவும் ஓய்வும் இல்லாமல் பிள்ளை சுமக்கும் இடத்தில், பிரசவத்துக்குத் தகுந்த மருத்துவ உதவி தொலைவில் இருக்கும் இடத்தில், இந்தக் காரணங்களில் பல சேர்ந்து குவிகின்றன. ஒரே வேரிலிருந்து கிளைத்த இரண்டு கிளைகளைப் பார்த்துவிட்டு, ஒன்று மற்றொன்றைப் பெற்றது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

இந்த வேரின் பரப்பைத் தெரிந்துகொள்ள இரண்டு எண்கள் உதவும். ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 20 கோடிக்கும் மேற்பட்டோர், வறுமையாலும் உடல் வளர்ச்சி குன்றியதாலும், தங்களால் எட்டக்கூடிய வளர்ச்சியை எட்டுவதில்லை என்று 2007இல் லான்செட் மருத்துவ இதழின் கட்டுரை வரிசை கணக்கிட்டது. 2016இல் அதே இதழ் அந்தக் கணக்கைப் புதுப்பித்தபோது, அந்நாடுகளின் குழந்தைகளில் நூற்றுக்கு 43 பேர், அதாவது சுமார் 25 கோடிப் பேர், இந்த ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. இவர்களில் பெரும்பாலோருக்குக் கண்ணில் குறையொன்றும் இராது. குறை இருக்கும் சிலருக்கோ, அது கடைசியாகத்தான் கண்ணில் படும். ஏனென்றால் அவர்களிடம் கவலைப்படுவதற்கு வேறு பல விஷயங்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

மாறுகண் தன் பங்குக்கும் வளர்ச்சியைத் தொடுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆறு மாதத்துக்குள் தொடங்கும் உள்நோக்கிய மாறுகண் உள்ள குழந்தைகள் கைகால் இயக்கத்தில் சற்றுப் பின்தங்கியிருப்பதையும், அறுவை சிகிச்சையால் கண்கள் நேரான பிறகு அந்த வளர்ச்சி வேகம் பிடிப்பதையும் 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு பதிவு செய்தது. ஆம்ப்ளியோபியா உள்ள பிள்ளைகள், வேகமும் துல்லியமும் வேண்டிய நுண்ணிய கைவேலைகளில் பின்தங்குகிறார்கள் என்பதும் ஆய்வுகளில் தெரிந்ததே. நான்கைந்து வயதில் கூடுதலான தூரப்பார்வைக் குறைபாடு இருந்தும் கண்ணாடி அணியாத பிள்ளைகள், எழுத்தறிவின் தொடக்கத் திறன்களில் குறைவாகப் பெற்றார்கள் என்று 2016இல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வு கூறியது. இவையெல்லாம் மிதமான விளைவுகள். மாறுகண் ஒரு பிள்ளையின் அறிவைக் குறைப்பதில்லை என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

பெரிய சேதம் நாங்கள் அளக்கும் விதத்தில் நேர்கிறது. சிறு குழந்தையின் வளர்ச்சியை எதைக் கொண்டு மதிப்பிடுகிறோம்? கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொல்கிறோம். மணியில் நூல் கோக்கச் சொல்கிறோம். வட்டத்தையும் சிலுவையையும் பார்த்து வரையச் சொல்கிறோம். படத்தில் உள்ள பூனையைக் காட்டச் சொல்கிறோம். ஒவ்வொன்றும் கண் வழியாக நடக்க வேண்டிய காரியம். நான்காவது கட்டையை மூன்றாவதன் விளிம்புக்கு அப்பால் வைத்துக் கோபுரத்தைச் சரியவிடும் பிள்ளைக்கு அடுக்கும் அறிவு இல்லையா, அல்லது விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியவில்லையா என்பதை மதிப்பெண் தாள் கேட்பதில்லை. அதில் ‘செய்யவில்லை’ என்ற கட்டம் மட்டுமே இருக்கிறது. அந்தக் கட்டத்தில் நானே எத்தனையோ முறை குறியிட்டிருக்கிறேன்.

ஒரு சிறுமி என்னிடம் வந்தபோது அவளுடைய கோப்பில் ‘ஆசிரியரின் முகத்தைப் பார்ப்பதில்லை, கவனம் நிலைப்பதில்லை’ என்று எழுதியிருந்தது. எதிரே உட்காரவைத்துப் பேசினால் அவள் முகத்தை இடதுபுறம் திருப்பிக்கொள்வாள். பேச்சும் தாமதம், நடையும் தாமதம் என்பதால், இந்தத் திருப்பலையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டிருந்தார்கள். பொம்மை ஒன்றைக் காட்டி அதை மெல்ல அவளுடைய இடப்பக்கமாக நகர்த்தியபோது வலது கண் தொடர்ந்து வந்தது. இடது கண் நடுவிலேயே நின்றுவிட்டது. வெளிப்பக்கமாக இழுக்கும் தசை வேலை செய்யாத அந்தக் கண்ணை நேராக வைத்துக்கொள்ள அவள் முகத்தையே இடப்பக்கம் திருப்பிக் கண்களை வலப்பக்கமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். அப்படித் திருப்பினால்தான் என் முகம் அவளுக்கு ஒன்றாகத் தெரியும். என்னைப் பார்ப்பதற்காக அவள் பட்ட பாட்டுக்குத்தான் கோப்பில் ‘பார்ப்பதில்லை’ என்று பெயர். அவளுக்கு உண்மையிலேயே வளர்ச்சித் தாமதம் இருந்தது. கண் சிகிச்சை அதை அகற்றிவிடவில்லை. ஆனால் இல்லாத ஒரு குறை அவள்மீது ஏற்றப்பட்டிருந்தது என்பதும், அதை இறக்கி வைக்க ஒரு பொம்மையும் அரை நிமிடமுமே தேவைப்பட்டன என்பதும் என் மனத்தை விட்டு அகலவில்லை.

இதன் மறுபுறமும் உண்டு. ‘முதலில் பேச்சு வரட்டும், நடை வரட்டும், கண்ணைப் பிறகு பார்ப்போம்’ என்று தாமதமுள்ள குழந்தைகளின் கண் சிகிச்சை தள்ளிப்போடப்படுகிறது. எழுத்துப் பலகையைப் படித்துக்காட்டத் தெரியாத குழந்தையைப் பரிசோதிக்க முடியாது என்று பெற்றோர் மட்டுமன்றி, அவர்களுக்கு வழிகாட்டுபவர்களிலும் சிலர் நம்புகிறார்கள். பேசத் தெரியாத குழந்தையின் கண்ணையும் பரிசோதிக்கலாம். சொட்டு மருந்தால் கருவிழிப் பாவையை விரித்து, கண்ணுக்குள் ஒளியை அசைத்துப் பார்த்தே எவ்வளவு பவர் வேண்டும் என்று கணக்கிட்டுவிட முடியும். குழந்தை ஒரு சொல்லும் சொல்ல வேண்டியதில்லை. சாம்பல் நிற அட்டையின் ஒரு பக்கத்தில் மட்டும் கோடுகள் இருந்தால், பிறந்து சில மாதமான குழந்தைகூடக் கோடுகள் உள்ள பக்கத்தையே பார்க்கும். கோடுகளை நுணுக்கிக்கொண்டே போய் அதன் பார்வைக் கூர்மையை அளக்கிறார்கள். சில மாதக் குழந்தைக்கும் கண்ணாடி அணிவிக்கிறார்கள். பேச்சு பின்தங்கிய குழந்தைக்கு, உதடுகள் அசைவதையும் அம்மாவின் விரல் காட்டும் பொருளையும் பார்ப்பதுதான் மொழிக்குள் நுழையும் வாசல். அந்த வாசலைத் தெளிவாக்குவதை மொழி வந்த பிறகு செய்வோம் என்று ஒத்திப்போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தம்பிக்கு நான்கு வயது நடந்தபோதுதான் ஒரு கண் மருத்துவர் அவனை முறையாகப் பார்த்தார். இரண்டு கண்ணுக்கும் கண்ணாடி எழுதினார். நல்ல கண்ணான வலது கண்ணை ஒட்டுப் போட்டு மறைத்து, இடது கண்ணைக் கட்டாயமாகப் பார்க்க வைக்க வேண்டும் என்றார். விழித்திருக்கும் நேரம் முழுவதும் ஒட்டு இருக்க வேண்டும் என்பது அவருடைய உத்தரவு. இது மிகப் பழைய வைத்தியம். 1743இலேயே பிரான்சின் இயற்கையியல் அறிஞர் ப்யூஃபோன் நல்ல கண்ணை மறைப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒட்டின் விலை எங்களால் தாங்க முடியாத ஒன்றாக இருக்கவில்லை. அந்த ஒட்டு கண்ணில் இருக்கும்போது பக்கத்தில் உட்கார ஒருவர் வேண்டும் என்பதுதான் எங்களால் தாங்க முடியாததாக இருந்தது.

நல்ல கண்ணை மறைத்துவிட்டால் குழந்தைக்கு உலகம் மங்கிப்போகிறது. அவன் அதைப் பிய்த்து எறியத்தான் செய்வான். ஒட்டின் ஓரத்துப் பசை புருவ மயிரோடு சேர்ந்து பிடித்திருக்கும். அவன் இழுக்கும்போது மயிரும் வரும், கத்துவான். அம்மாவும் அப்பாவும் விடியும் முன்பே கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். பன்னிரண்டு வயதான நான்தான் மிச்சம். அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த பழைய பொத்தான்களைத் தரையில் கொட்டி, வாய் குறுகிய ஒரு பாட்டிலை நடுவில் வைத்து, ஒவ்வொன்றாக உள்ளே போடச் சொல்வேன். முதல் நாட்களில் பொத்தானைப் பாட்டிலின் வாய்க்குப் பக்கத்தில் காற்றில் விட்டான். அது தரையில் விழுந்து உருளும் சத்தத்தைக் கேட்டு என்னைப் பார்ப்பான். நான் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்து அரை விரற்கடை நகர்த்துவேன். சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம் நான் கையைப் பிடிக்காமலே நான்கு பொத்தான்கள் தொடர்ந்து உள்ளே விழுந்தன. ஐந்தாவதை அவன் எனக்குக் கொடுத்து, ‘அக்கா போடு’ என்றான். இரண்டு சொற்களைச் சேர்த்து அவன் பேசியது அதற்குமுன் எனக்கு நினைவில்லை.

அந்த ஆண்டில் என் படிப்பு நன்றாகக் கெட்டது. பள்ளிக்குப் போகாத நாட்கள் கூடின. பள்ளிக்குப் போன நாட்களில் ஒட்டு அரை மணி நேரம்கூட அவன் கண்ணில் நின்றிருக்காது. மறு பரிசோதனைக்குப் போனபோது, ‘ஏன் ஒழுங்காக ஒட்டவில்லை? பிள்ளையின் கண்மீது அக்கறை இல்லையா?’ என்று மருத்துவமனையில் ஒருவர் அம்மாவைக் கடிந்துகொண்டார். அன்றைய கூலியை விட்டுவிட்டு, தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றவர் அம்மா. அவர் தலை குனிந்து நின்றதைப் பார்த்தேன். அக்கறையின் அளவை ஒட்டு இருந்த மணிநேரத்தால் அளக்கக் கூடாது என்று அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இந்தத் துறையில் வறுமையின் முக்கியமான அலகு நேரம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். பணமின்மையைத் தானமும் அரசும் ஓரளவு ஈடுசெய்துவிடுகின்றன. கண்ணாடியும் ஒட்டும் அறுவை சிகிச்சையும்கூடப் பல இடங்களில் இலவசமாகக் கிடைத்துவிடுகின்றன. சில வாரங்களுக்கு ஒருமுறை மறு பரிசோதனை, உடைந்த கண்ணாடியை மாற்ற ஒரு நாள், பவர் மாறினால் இன்னொரு நாள், அத்துடன் பேச்சுப் பயிற்சிக்கும் இயன்முறைச் சிகிச்சைக்கும் தனித்தனியாக வெவ்வேறு நாட்கள் என்று வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தையின் தாய் கொடுக்க வேண்டியிருக்கும் நாட்களை எவரும் ஈடுசெய்வதில்லை. நெதர்லாந்தில் 2006இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஒட்டுக்குள் சிறு மின்னணுக் கருவியைப் பொருத்தி, அது உண்மையில் எவ்வளவு நேரம் கண்ணில் இருந்தது என்று அளந்தது. பெற்றோரின் கல்வி குறைவாக இருந்த வீடுகளிலும், அந்நாட்டு மொழி அவர்களுக்குச் சரளமாக வராத வீடுகளிலும் ஒட்டிய நேரம் குறைந்திருந்தது. அதே ஆய்வு இன்னொன்றையும் கண்டது. ஏன் ஒட்ட வேண்டும் என்பதைச் சொற்களே இல்லாத படக்கதையாக வரைந்து குழந்தையிடம் கொடுத்து, பெற்றோருக்கு ஒரு விளக்கத் தாளும் தந்தபோது, ஒட்டிய நேரம் தெளிவாகக் கூடியது. அம்மாவைத் திட்டிய அந்த நபரின் கையில் அப்படி ஒரு படக்கதை இருந்திருக்க வேண்டும் என்று அதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

ஏழைத் தாய்க்குப் பேருதவி செய்த ஆய்வுகள் என்று நான் மதிப்பவை, புதிய மருந்தைக் கண்டவை அல்ல. பழைய சிகிச்சையின் சுமையைக் குறைக்க முடியுமா என்று கேட்டவை. அமெரிக்காவில் குழந்தைக் கண் மருத்துவர்கள் பலர் கூட்டாக நடத்திய தொடர் சோதனைகளில், ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மிதமான ஆம்ப்ளியோபியாவுக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேர ஒட்டு ஆறு மணி நேர ஒட்டுக்கு ஏறக்குறைய இணையான பலனைத் தருகிறது என்று 2003இல் தெரியவந்தது. அந்த நேரத்தில் ஒரு மணி நேரமாவது கிட்டத்தில் பார்த்துச் செய்யும் வேலைகளில் பிள்ளையை ஈடுபடுத்தச் சொன்னார்கள். எங்கள் பொத்தான் விளையாட்டைப் போன்ற வேலைகள்தான். நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு மருந்து விட்டு அதைச் சற்று மங்கலாக்கினாலே ஒட்டுக்கு நிகரான பலன் கிடைக்கும் என்பது 2002இலும், அதை வார இறுதியில் மட்டும் விட்டாலும் போதும் என்பது 2004இலும் வெளியாயின. சில பிள்ளைகளுக்குச் சரியான கண்ணாடியை மட்டும் விடாமல் அணிந்தாலே ஆம்ப்ளியோபியா தீர்ந்துவிடுவதும் உண்டு. எந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் நாள் முழுவதும் பக்கத்தில் உட்கார ஆளில்லாத வீட்டுக்கு, வாரத்தில் இரண்டு முறை இரவில் விடும் ஒரு சொட்டு என்பது சிகிச்சை நடப்பதற்கும் நடக்காமல் போவதற்கும் உள்ள வேறுபாடு. அந்தத் தெரிவு இருக்கிறது என்று சொல்லப்படாத தாய்மார்களை இன்றும் சந்திக்கிறேன்.

அறுவை சிகிச்சை செய்தால் எல்லாம் முடிந்துவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. 1839இல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற மருத்துவர் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் கண் தசையை வெட்டி மாறுகண்ணைச் சரிசெய்தார். நுட்பங்கள் வெகுதூரம் வளர்ந்துவிட்டாலும், தசையின் இழுவையை மாற்றிக் கண்ணை நேராக்குவதே இன்றும் அறுவையின் வேலை. ஒதுக்கப்பட்ட கண்ணுக்கு அது பார்வையைத் திரும்பத் தருவதில்லை. அறுவைக்கு முன்போ பின்போ, ஒட்டும் கண்ணாடியும் தம் வேலையைச் செய்தே ஆக வேண்டும்.

நேரான கண்ணை அலங்காரம் என்று ஒதுக்குவதும் தவறு. 2011இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வில், மூன்று முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளிடம், ஒருவருக்கு மட்டும் மாறுகண் இருக்குமாறு திருத்திய இரட்டையர் படங்களைக் காட்டி, பிறந்தநாள் விழாவுக்கு யாரை அழைப்பாய் என்று கேட்டார்கள். சின்னஞ்சிறு பிள்ளைகள் வேறுபாடு பார்க்கவில்லை. ஆறு வயதை எட்டியவர்கள் மாறுகண் உள்ள முகத்தைத் தெளிவாகவே தவிர்த்தார்கள். பேச்சும் தாமதமாகி, உடையும் பழையதாகி, கண்ணும் திரும்பியிருக்கும் ஒரு பிள்ளையை வகுப்பறையில் எத்தனை காரணங்களுக்காகத் தள்ளிவைப்பார்கள் என்று யோசிக்கிறேன். தள்ளிவைக்கப்பட்ட பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகளிடமிருந்து கிடைக்க வேண்டிய மொழியும் விளையாட்டும் கிடைப்பதில்லை. அதுவும் வளர்ச்சித் தாமதத்தில்தான் போய்ச் சேர்கிறது.

செய்ய வேண்டியவற்றில் பெரும்பாலானவை கடினமானவை அல்ல. குழந்தை ஏற்கெனவே எங்கே வருகிறதோ, அங்கேயே அதன் கண்ணைப் பார்க்க வேண்டும்: தடுப்பூசி போடும் இடத்தில், மழலையர் வகுப்பில், பேச்சுப் பயிற்சி அறையில். மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் ஒருமுறையாவது பார்வையைச் சோதிக்க வேண்டும் என்ற பரிந்துரை அமெரிக்காவில் இருக்கிறது. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் வளர்ச்சித் தாமதம் உள்ளவர்களுக்கும் அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாது. வளர்ச்சி மதிப்பீட்டுத் தாளின் முதல் பக்கத்தில், கண் பரிசோதிக்கப்பட்டதா என்ற கேள்விக்கு விடை எழுதாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவே கூடாது என்று எங்கள் அறையில் வைத்துக்கொண்டிருக்கிறோம். குறை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, எங்கே போவது, யார் அழைத்துப்போவது என்ற இரண்டுக்கும் வழி சொல்லாமல் அனுப்பும் முகாம்கள்மீது எனக்கு மதிப்பில்லை. ஒட்டுப் போடச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு தாய் வந்து சொன்னால், ‘பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள்?’ என்பதையே முதலில் கேட்கிறேன். ‘பெரிய பெண் இருக்கிறாள்’ என்று பதில் வந்தால், அந்தப் பெண்ணின் வயதையும் வகுப்பையும் கேட்டுக்கொண்டு, ஒட்டு நேரத்தை எங்கள் பயிற்சி நேரத்துக்கே மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் எழுதிக் கேட்கிறேன். பெரும்பாலும் முடிகிறது.

தம்பிக்கு ஆறு வயதில் அறுவை சிகிச்சை நடந்தது. கண்கள் ஏறக்குறைய நேராகிவிட்டன. தெரிந்தவர்கள் சொன்னால் ஒழிய இன்று யாரும் கவனிப்பதில்லை. ஒட்டும் கண்ணாடியும் சேர்ந்து இடது கண்ணை எழுத்துப் பலகையில் கடைசிக்கு இரண்டு வரி மேலே வரை கொண்டுவந்து சேர்த்தன. அதற்குமேல் அது வரவில்லை. பள்ளிப் படிப்பை இரண்டு ஆண்டுகள் தாமதமாக முடித்தான். அவன் மந்தம் அல்ல என்பதை வேலைக்குப் போன இடத்தில் அவனே நிரூபித்துக்கொண்டான். ஆழப்பார்வை மட்டும் அவனுக்கு வாய்க்கவேயில்லை. தண்ணீர் ஊற்றும்போது இடது கைச் சுட்டுவிரலைத் தம்ளரின் விளிம்பில் வைத்துக்கொள்கிறான். பாத்திரத்தின் மூக்கு விரலில் வந்து தொட்டதும் சாய்க்கிறான். ஒரு சொட்டும் வெளியே சிந்துவதில்லை.